டாக்டரம்மாவுக்கு ஒரு மெமோ

காரியாபட்டியில் டீக்காக பஸ்ஸை நிறுத்தியபோது, கடைச் சுவரில் என் முகத்தை நானே பார்த்தேன். ஆளுயரப் போஸ்டர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் துணி சுற்றிய ஒரு கறுப்புக் குழந்தை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. ‘இருண்ட கண்டத்தில் விளக்கேற்றித் திரும்பும் எங்கள் தங்கமே வருக’ என்று எழுதி, அடியில் இருபது பேருடைய பெயர்களைப் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று, என் அண்ணனுடையது.

படம் நான் அண்ணனுக்குத் தபாலில் அனுப்பியதுதான். அதில் என் பக்கத்தில் எலியா என்கிறவர் நின்றிருந்தார். அந்தக் குழந்தையைத் தாயின் வயிற்றைக் கீறி வெளியே எடுத்தவரே அவர்தான். போஸ்டர் அடித்தவர்கள் அவரை வெட்டிவிட்டார்கள். வெட்டியதையும் ஒழுங்காக வெட்டவில்லை. என் தோள்மேல் அவர் போட்டிருந்த கை மட்டும் மிச்சமாகத் தொங்கியது. ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சுழியிலிருந்து பரளச்சி போகிற பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் டாக்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கு அங்கே வேலை பார்க்கிறவருக்குத் தலைவலி. எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, டான்சானியாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போனேன்.

ஆப்பிரிக்கா போய் வந்தவன் எழுதினால் யானை, சிங்கம் என்று நாலு பக்கமாவது வேண்டும் என்பார்கள். நான் சிங்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் முள்மரம், வற்றிப்போன ஆறு, சோளக்காடு, வெள்ளாடு. கரிசலுக்குப் பதிலாகச் செம்மண். மற்றபடி திருச்சுழிப் பக்கம்தான். அந்த ஒரு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஊர் திரும்பிய ஐந்து நாளில்தான் மண்டையில் உறைத்தது. அதனால் அந்த ஐந்து நாள் பயணத்தை எழுதுகிறேன். டான்சானியா இடையிடையே வந்துபோகும்.

முதல் நாள் வியாழக்கிழமை. அருப்புக்கோட்டையில் அண்ணன் வீடு. அண்ணன் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். வீட்டு வாசலில் நின்றாலே தும்மல் வரும். ஒரு வருஷம் கழித்து அந்தத் தும்மல் சுகமாகத்தான் இருந்தது. மதினி கோழிக் குழம்பு வைத்து, தட்டில் மலை மாதிரிச் சோற்றைக் குவித்துவிட்டுக் கேட்டார்.

“அங்க என்ன சாப்பாடு போட்டாக?”

“மக்காச்சோள மாவுல களி, மதினி. தொட்டுக்கிற ஒரு கீரை. வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு இருக்கும்.”

“களி திங்கவா பிளேனு ஏறிப் போனீக? சொல்லிருந்தா நானே தெனம் கிண்டிப் போட்டிருப்பேன்ல.”

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணனிடம் கேட்டேன், போஸ்டரில் எலியாவை ஏன் வெட்டினீர்கள் என்று.

“ஏலே, ரெண்டு பேரு நின்னா யாரு டாக்டருன்னு சனத்துக்குக் கொழப்பம் வரும்டா.”

“அவருதாண்ணே டாக்டரு.”

“அவுக என்ன படிச்சிருக்காக?”

அங்கே மாட்டிக்கொண்டேன். எலியா எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை. கிராமத்து மருந்தகத்தில் உதவியாளாகச் சேர்ந்து, சில வருஷம் கழித்து அரசாங்கம் நடத்திய ஒரு பயிற்சிக்குப் போய், பிறகு இன்னொரு பயிற்சிக்குப் போய், உதவி மருத்துவ அலுவலர் ஆனவர். அந்த நாட்டில் டாக்டர்கள் போதாது. அதனால் இப்படி ஆட்களைத் தயார் செய்து, கத்தியையும் கையில் கொடுத்து, பொறுப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவர் மரியாதையாகக் கேட்ட கேள்வி இது: “டாக்டர், நீங்கள் எத்தனை பிரசவ ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?” இரண்டு என்றேன். படிக்கிற காலத்தில், பக்கத்தில் பேராசிரியர் நிற்க. அவர் சிரிக்கவில்லை. “நல்லது. முதலில் இந்தக் கொக்கியைப் பிடியுங்கள்” என்றார். வயிற்றுச் சதையை ஒதுக்கிப் பிடிக்கிற கொக்கி அது. இரண்டு மாசம் அதைப் பிடித்தேன். மூன்றாவது மாசம்தான் கத்தி என் கைக்கு வந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன் பாதி தூக்கத்தில் இருந்தார். “சரி விடு. ஞாயித்துக்கெழம விழா. நல்ல சட்டையாப் போட்டுட்டு வா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் என் சுகாதார நிலையத்தைப் பார்க்கக் கிளம்பினேன். திருச்சுழி வரைக்கும் பஸ் ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் ஏறிய பரளச்சி பஸ் நாலு மைல் போனதும் புகைய ஆரம்பித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. டிரைவர் இறங்கி ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடிப் போனார். கிணறு இருந்தது, தண்ணீர் இல்லை. அடுத்த கிணற்றுக்குப் போனார். கண்டக்டர் சீமைக்கருவேல நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

டான்சானியாவில் ஒருமுறை நான் வந்த லாரி வறண்ட ஆற்று மணலில் புதைந்துபோனது. இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். ஏறி வந்த முப்பது பேரும் இறங்கி மணலைக் கையால் தோண்டினார்கள். தோண்டுகிற ஒவ்வொருவனைப் பார்த்தும் மற்றவன் ‘போலே’ என்று சொன்னான். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம். கல் தடுக்கினாலும் அந்தச் சொல்தான், பிள்ளை செத்தாலும் அந்தச் சொல்தான். இங்கே டிரைவர் குடமும் கையுமாக வேர்த்து வடிந்து திரும்பி வந்தபோது அவரை ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிழலில் என் பக்கத்தில் மிளகாய் மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

“அங்க டாக்டரு கெடையாது தம்பி. ஒரு வருசமாச்சு. வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போயிருக்காராம்.”

“வேற டாக்டர் போடலயா?”

“அவரு வேலைய விட்டுப் போனாத்தான வேற ஆளு போடுவாக? லீவுலல போயிருக்காரு. பக்கத்து ஊரு டாக்டரு வாரத்துல ரெண்டு நா வருவாருன்னு போர்டுல எழுதிருக்கு. போர்டு மட்டும் தெனம் இருக்கு.” வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு யோசித்து, எந்தக் குத்தலும் இல்லாமல் சொன்னார்: “நம்மள விட அங்க சீக்காளி ரெம்ப போல.”

திருச்சுழி பஸ் நிலையச் சுவரில் என் போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் அவரும் பஸ் ஏறியிருப்பார். அந்த முகம்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சுவரைப் பற்றி இன்னொன்று. என் போஸ்டரை ஒட்டிய ஆள் பசையை அரைகுறையாகத் தடவியிருந்தான். வலது மூலை பிரிந்து தொங்கியது. அதற்கு அடியில் இன்னொரு போஸ்டர். அதில் மாரியம்மன் படத்தில் பாதியும், கொட்டை எழுத்தில் ‘டாக்டரம்மா’ என்ற சொல்லும் தெரிந்தன. நம் பக்கம் பெண் டாக்டர் யார் வந்தது என்று ஒரு கேள்வி எழுந்து, பஸ் வந்ததும் மறந்துபோனது.

சுகாதார நிலையத்தில் வேப்பமரம் இருந்தது, ஓட்டை ஜீப் இருந்தது, என் பெயர்ப் பலகையும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. உள்ளே சிஸ்டர் பாக்கியம் ஒரு குழந்தைக்குக் காதுப் புண் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். பதினைந்து வருஷமாக இதே நிலையத்தில் நர்ஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பி வந்ததில் சந்தோஷம் போலிருக்கிறது என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

குழந்தையை அனுப்பிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மெமோ. திங்கட்கிழமை காலை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. ‘மருத்துவர் உத்தரவின்றி விஷமுறிவு மருந்து செலுத்தியமை, மருத்துவர் எனத் தம்மைத் தாமே பொதுமக்களிடையே விளம்பரப்படுத்திக்கொண்டமை’ என்று இரண்டு குற்றச்சாட்டு. இரண்டும் நிரூபணமானால் வேலை போய்விடும். அவருடைய வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மகள் பாளையங்கோட்டையில் படிக்கிறாள். அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு நாதி இல்லை.

“என்ன நடந்துச்சு சிஸ்டர்?”

“சித்திரையில சார். இருளப்பன்னு ஒருத்தரு, சோளத்தட்டைப் படப்புல கைய விட்டிருக்காரு. சுருட்டை விரியன் போட்டுருச்சு. காலைல பத்து மணிக்குத் தூக்கிட்டு வந்தாக. ஜீப்புல டீசல் இல்ல. அடுத்த பஸ்ஸு ரெண்டு மணிக்கு. பல்லு ஈறுல ரத்தம் கசியுது.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நீங்க எழுதிருந்தபடிதான் செஞ்சேன் சார்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அலமாரியைத் திறந்து, ஊசிமருந்து அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்தார். வெளிநாட்டுத் தபால் தாள். என் கையெழுத்து. அங்கே போன ஆறாவது மாசம் நிலையத்து ஆட்களுக்கு நான் எழுதிய கடிதம் அது. சத்தியமாக மறந்தே போயிருந்தேன். எலியாவின் வித்தையை அதில் பெருமையாக அளந்திருந்தேன். பாம்பு கடித்து வந்தவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் காத்திருக்கலாம். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது, மருந்தை ஏற்று. இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: ‘சிஸ்டர், அப்படி யாராவது வந்தால் மதுரைக்கு அனுப்பி வழியில் சாகவிடாதீர்கள். அலமாரியில் மருந்து இருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது.’

அவர் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் ஓடியிருக்கிறது. முதலில் தோலில் கொஞ்சம் போட்டுச் சோதித்து, பிறகு இருந்த குப்பிகள் அத்தனையையும் குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றி, பக்கத்திலேயே கைநாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி பஸ் வந்தபோது இருளப்பன் தண்ணீர் கேட்டாராம். எலியா செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

“இந்த லெட்டரைக் காட்டினாப் போதுமே சிஸ்டர். மருத்துவர் உத்தரவுன்னு இதுலயே இருக்கே.”

“காட்டல சார்.”

“ஏன்?”

“லீவுல இருக்கவுக உத்தரவு போடக் கூடாதுல்ல. உங்க மேல திரும்பும். நீங்க அங்க நல்ல காரியமாப் போயிருக்கீக.” இதைச் சொல்லும்போது அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல காரியம். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. டாக்டர் இல்லாத ஊருக்கு டாக்டராகப் போகிறேன் என்று கிளம்பியவன் நான். போகிற அவசரத்தில் என் ஊரை டாக்டர் இல்லாத ஊராக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறேன். பதிலுக்கு ஆள் போடுங்கள் என்று விடுப்பு விண்ணப்பத்தில் ஒரு வரி கேட்டேனா? கேட்கவில்லை. விடுப்பு கிடைத்த சந்தோஷத்தில் ஸ்வெட்டர் வாங்க மதுரைக்குப் போனேன். அந்த ஊரில் ஸ்வெட்டரே தேவைப்படவில்லை.

சரி, மருந்து கொடுத்தது மேலிடத்துக்கு எப்படித் தெரிந்தது? தன்னைத் தானே விளம்பரப்படுத்தியது என்கிறார்களே, அது என்ன? அதை சிஸ்டர் சொல்ல மறுத்துவிட்டார். “அவுக நல்ல மனசுலதான் செஞ்சாக சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை இருளப்பன் வீட்டுக்குப் போனேன். மூன்று மைல், வெயிலில் நடைதான். ஆள் திடமாக இருந்தார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. மண்சட்டியில் கம்மங்கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தார்கள். டான்சானியாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே இருளப்பன் மனைவியும் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த மரியாதை தெரியும் போலிருக்கிறது.

போஸ்டர் கதை அங்கே வெளியே வந்தது. இருளப்பனின் மச்சினன் சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்க்கிறான். எங்கள் பக்கம் காதுகுத்தா, கல்யாணமா, கருமாதியா, எதற்கும் போஸ்டர் அடிக்காவிட்டால் நடந்ததாகவே கணக்கில்லை. அக்காள் புருஷன் பிழைத்த சந்தோஷத்தில் மச்சினன் ராவோடு ராவாக ஒரு போஸ்டர் அடித்துவிட்டான். ஒன்றை வீட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். ‘எமன் வாயிலிருந்து எங்கள் குடும்பத் தலைவரை மீட்டுத் தந்த டாக்டரம்மா பாக்கியம் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!’ சிஸ்டரின் படம் கிடைக்காததால் மாரியம்மன் படம். திருச்சுழியில் ஒட்டினார்கள், பரளச்சியில் ஒட்டினார்கள், பாலவனத்தம் வரைக்கும் போய் ஒட்டினார்கள். அதோடு நில்லாமல், பெரிய டாக்டருக்கும் நாலு பேருக்கும் தெரியட்டும் என்று மாவட்ட அலுவலகத்துக் காம்பவுண்டுச் சுவரிலேயே இரண்டு ஒட்டியிருக்கிறார்கள்.

“நர்சம்மான்னு போட்டா மரியாதக் கொறச்சலா இருக்கும்னு மச்சினன்தான் சொன்னான்” என்றார் இருளப்பன். “உசுரக் காப்பாத்துனவுக டாக்டரில்லாம வேற யாரு?”

“அதனால அவுக வேலைக்கே ஆபத்து வந்திருக்கு, தெரியுமா?”

தெரிந்திருக்கவில்லை. கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நிமிர்ந்தார். “அப்பன்னா இன்னொரு போஸ்டரு அடிச்சிருவோமா? அவுக டாக்டரு இல்ல, வெறும் நர்சுதான்னு?”

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. இந்த மனுஷன்மேல் என்ன கோபப்படுவது? நன்றி சொன்னார், அவ்வளவுதானே. ஒரு வருஷமாக டாக்டர் இல்லை என்று அந்த ஊரார் கொடுத்த மனுக்கள் கண்ணில் படாத அலுவலகத்துக்கு, ஒரு நர்ஸ் உயிரைக் காப்பாற்றியது மட்டும் கண்ணில் பட்டது. டான்சானியாவில் அதற்குப் பயிற்சியும் பதவியும் கொடுக்கிறார்கள். இங்கே மெமோ கொடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. கல்யாண மண்டபத்தில் மைக் செட், ரோஜா மாலை, காரச்சேவு, கலர் சோடா. பேசியவர்கள் எல்லாரும் நான் காட்டுமிராண்டிகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்தேன் என்றார்கள். மூன்றாவது ஆள் நரமாமிசம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார். என்னைப் பேசக் கூப்பிட்டபோது, எலியா படிக்காமல் கற்றதையும் நான் படித்துவிட்டுக் கற்றதையும் சொன்னேன். கொக்கி பிடித்த கதையைச் சொன்னேன்; அடக்கமாகப் பேசுகிறார் என்று கை தட்டினார்கள். என்னுடைய ஊரில் ஒரு வருஷம் டாக்டர் இல்லை, அதற்கு நான்தான் காரணம் என்றேன்; அதற்கும் கை தட்டினார்கள். என்ன சொன்னாலும் தட்டுகிற கூட்டத்திடம் எதைச் சொல்லி என்ன?

சிஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி, எனக்குப் போட்ட பொன்னாடையை அவரிடம் நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம் சார். இதுக்கு ஒரு மெமோ வரும்.”

திங்கட்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் மாவட்ட அலுவலகம் போனோம். வழியெல்லாம் சிஸ்டர் அந்த நீலத் தாளைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். நான் கொடுத்தேன். சாவியை அவரிடம் விட்டுப்போனதும் நான்தான், மருந்தை ஏற்றச் சொன்னதும் நான்தான் என்று வாயாலும் சொன்னேன். அதிகாரி கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இருந்தவர்; கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இதைக் கொடுத்தா அந்தம்மா தப்பிச்சிடுவாங்க. உங்களுக்குத்தான் வம்பு. தெரிஞ்சுதான் கொடுக்கிறீங்களா?”

“தெரிஞ்சுதான் சார்.”

“போஸ்டர் அந்தம்மா அடிக்கலைன்னு அந்த வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்திருக்காங்களா?”

சனிக்கிழமையே இருளப்பன் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்த தாளையும் நீட்டினேன். அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு மெமோ தட்டச்சாகி வந்தது. ஐந்து கேள்வி. அதற்கு நான் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் சிஸ்டரின் ஃபைலை அன்றைக்கே மூடிவிடலாம் என்றார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சிஸ்டர். முதல் நாலு கேள்விக்கும் ஆம், நான்தான், என் தவறுதான் என்று மளமளவென்று எழுதினேன். ஐந்தாவது கேள்வி: ‘சம்பவ தினத்தன்று மேற்படி நிலையத்தில் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் யார்?’

இதற்குத்தான் காத்திருந்தேன். ‘செவிலியர் பாக்கியம்’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். ஒரு வருஷத்தில் அந்த அலுவலகத்துக்குள் ஒருவனாவது உண்மையை எழுதினான் என்று இருக்கட்டுமே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நீட்டினேன்.

அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “டாக்டர், அந்தம்மா பொறுப்புல இருந்தாங்கன்னு நீங்களே எழுத்துல கொடுக்கிறீங்க. யார் பொறுப்பைக் கொடுத்தாங்கன்னு அடுத்த கேள்வி வரும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இருளப்பனின் மச்சினன் சுவரில் ஒட்டியதையே நான் வெள்ளைத் தாளில் எழுதியிருக்கிறேன்.

“அப்ப என்ன எழுதணும்?”

“அன்னைக்கு இன்சார்ஜா இருந்த பக்கத்து ஊர் டாக்டர் வரலை. நீங்க நாட்டிலேயே இல்லை. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதை எழுதுங்க” என்று ஒரு புதுத் தாளைக் கொடுத்தார்.

திரும்பவும் பெஞ்சுக்கு வந்தேன். பேனா நகரவில்லை. அந்த நேரம் பார்த்து எலியாவின் கை ஞாபகம் வந்தது. போஸ்டரில் ஆளை வெட்டியதற்கு அண்ணனிடம் எவ்வளவு எகிறினேன். அண்ணனாவது ஒரு கையை மிச்சம் வைத்திருந்தார்.

“எழுதுங்க சார்” என்றார் சிஸ்டர். “எம் புள்ள படிப்பு முடியணும்.”

எழுதினேன். ‘சம்பவ தினத்தன்று நிலையத்தில் பொறுப்பில் எவரும் இல்லை.’

தாளைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அதைத் திரும்ப ஒரு தடவை படித்தார்.

“சரியா இருக்கு சார். சீக்கிரம் குடுத்துட்டு வாங்க, பன்னெண்டரை பஸ்ஸ விட்டா அப்பறம் நாலு மணிக்குத்தான். நாளைக்குப் புள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுற நாளு.”

அடியில் கையெழுத்துப் போட்டேன்.